சுகர் உள்ளவங்களுக்கு கால் எடுத்த பிறகு புண்ணு நல்லா ஆற என்ன பண்ணணும்? வீட்டுல பார்த்துக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் சுகர் கால் புண் வார்டுல டிரெஸ்ஸிங் பண்ற நர்ஸ். டிஸ்சார்ஜ் ஆகி போறப்போ வீட்டு ஆளுங்க கேக்கறது, அப்புறம் வீட்டுக்கு போயி போன்ல கேக்கறது, எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதான் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன். முட்டிக்கு கீழ இல்ல முட்டிக்கு மேல கால் எடுத்தவங்களை மனசுல வெச்சு எழுதறேன், விரல் மட்டும் எடுத்தவங்களுக்கும் நிறைய பொருந்தும். உங்க டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா அவர் சொன்னதுதான் கணக்கு, அந்த காலை உள்ள திறந்து பார்த்தவர் அவர்தான்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். எல்லாரும் "என்ன மருந்து வெச்சு கட்டணும் சிஸ்டர்"னுதான் ஆரம்பிக்கறாங்க. மேல வெக்கற மருந்து கடைசி விஷயம். ரத்தத்துல இருக்கற சுகர், காலுக்கு வர்ற ரத்தம், தட்டுல இருக்கற சாப்பாடு, புண்ணு மேல அடியோ அழுத்தமோ படாம இருக்கறது, இந்த நாலும் சரியா இருந்தா பெரும்பாலும் சாதா காஜ் வெச்சு கட்டினாலே ஆறிடும். இதுல ஒண்ணு போச்சுன்னாலும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின மருந்தும் தடுமாறும்.

எத்தனை நாள்ல ஆறும்?

சுகர் இல்லாதவங்களுக்கு ரெண்டு வாரத்துல தையல் பிரிச்சிடுவாங்க, சுகர் இருக்கறவங்களுக்கு மூணு வாரம், சில பேருக்கு நாலு வாரம் கூட விட்டு வைப்பாங்க, அதுக்காக பயப்பட வேண்டாம், அவசரப்பட்டு பிரிச்சு வாய் பிளந்துக்கறதை விட அது எவ்வளவோ மேல். எல்லாம் ஒழுங்கா போனா ஆறுல இருந்து எட்டு வாரத்துல மேல்தோல் மூடிடும். ஆனா தையல் பிரிச்சாச்சுன்னா புண்ணு ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, இதை நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன். மூணு வாரத்துல அந்த தழும்புக்கு பழைய தோலோட பலத்துல கால்வாசிதான் இருக்கும், மூணு மாசம் ஆனாத்தான் 80 சதவீதம் வரைக்கும் வரும். அதனால தையல் பிரிச்ச மறுநாளே அந்த முனையை கட்டில் ஓரத்துல ஊனி எழுந்திருக்க பார்க்காதீங்க.

சுகர் எவ்வளவு இருக்கணும்? ஆபரேஷன் முடிஞ்சுதே, இன்னமும் ஏன் ஊசி குத்தி பார்க்கணும்?

ஆஸ்பத்திரில இருக்கற வரைக்கும் பெரும்பாலான பேருக்கு 140ல இருந்து 180க்குள்ள வைக்க பார்ப்பாங்க. வீட்டுக்கு போன பிறகு வெறும் வயித்துல எவ்வளவு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எவ்வளவுன்னு உங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க, வயசு, கிட்னி, ஹார்ட் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். சுகர் ஏறி நின்னா கிருமியோட சண்டை போடற வெள்ளை அணுக்கள் மந்தமாயிடும், புது சதைக்கு வேண்டிய நார்ப்பொருள் உருவாகறதும் தள்ளிப்போகும், சின்ன சின்ன ரத்தக்குழாய் முளைக்கறதும் குறையும். நேத்து 110, இன்னிக்கு 320, நாளைக்கு 90ன்னு ஏறி இறங்கினாலும் நல்லதில்ல, ஓரளவுக்கு சீரா போகணும்.

மூணு மாச சராசரி காட்டற ஹெச்பிஏ1சி டெஸ்ட் பத்தி ஒண்ணு. ஆபரேஷனப்போ ரத்தம் ஏத்தியிருந்தா அதுக்கு அப்புறம் எடுக்கற ஹெச்பிஏ1சி உண்மைக்கு மாறா குறைவா வரலாம், வேற ஆளோட ரத்தம் கலந்திருக்கு இல்லையா. அந்த ரிப்போர்ட்டை பார்த்து சுகர் கண்ட்ரோல்ல இருக்குன்னு நிம்மதியா உட்கார்ந்துடாதீங்க, தினமும் குளுக்கோமீட்டர்ல பார்க்கறதை ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க, எனக்கு அந்த நோட்டு ரிப்போர்ட்டை விட நிறைய சொல்லும்.

இன்சுலின் போட ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா போடணுமாமே, மாத்திரையிலயே சமாளிக்கக் கூடாதா?

புண்ணு ஆறற காலத்துல இன்சுலின் மாதிரி கைக்கு அடங்கற மருந்து வேற இல்ல, அளவை அன்னன்னிக்கு கூட்டலாம் குறைக்கலாம். ஆறின பிறகு திரும்ப மாத்திரைக்கு மாத்தினவங்க நிறைய பேர் இருக்காங்க. பழகிடும்னு பயந்து தள்ளி போடறதுல புண்ணுக்குத்தான் நஷ்டம்.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இது நிறைய வீட்டுக்கு தெரியறதில்ல. அழுகிப்போன கால் உடம்புல இருந்தப்போ அந்த கிருமியே சுகரை ஏத்திக்கிட்டு இருந்திருக்கும், அப்போ 30 யூனிட் தேவைப்பட்டிருக்கும். காலை எடுத்ததும் கிருமி போச்சு, சாப்பாடும் பாதிதான் இறங்குது, இப்போ அதே 30 யூனிட்டை போட்டா சுகர் தடாலுனு இறங்கிடும். வேர்த்து கொட்டுது, கை நடுங்குது, பேச்சு குழறுது, ராத்திரி உளர்றார்னா முதல்ல சுகர் பாருங்க. 70க்கு கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையை தண்ணில கலக்கி உடனே கொடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க, இன்னும் 70க்கு கீழயே இருந்தா இன்னொரு தடவை கொடுங்க. மயக்கமா இருக்கறவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108க்கு போன் பண்ணுங்க. சரியான பிறகு டாக்டர்கிட்ட சொல்லி அளவை மாத்திக்கோங்க, நீங்களா ஊசியை நிறுத்திடாதீங்க.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மூத்திரம் வழியா சுகரை வெளிய தள்ளற மாத்திரைங்களை ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னாடியே நிறுத்துவாங்க. வீட்டுல பழைய அட்டை மிச்சம் இருக்கேன்னு எடுத்து கொடுத்துடாதீங்க. சரியா சாப்பிடாத ஆளுக்கு அது சுகர் ஏறாமலே ரத்தத்தை அமிலமாக்கி விடலாம், திரும்ப எப்போ ஆரம்பிக்கணும்னு கேட்டுட்டு கொடுங்க.

சுகர் கண்ட்ரோல்லதான் இருக்கு, ஆனாலும் ஓரம் கருத்துக்கிட்டே போகுதே?

அப்போ ரத்த ஓட்டத்தை பாருங்க. சுகர் பல வருஷமா இருக்கறவங்களுக்கு கால் ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கறது சகஜம். கடைமடைக்கு தண்ணியே வரலைன்னா வயல்ல எவ்வளவு உரம் கொட்டி என்ன, அதே கதைதான் இங்கயும், ஆன்டிபயாட்டிக் கூட ரத்தத்துலதானே புண்ணுக்கு போய் சேரணும்.

டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, "ரத்த ஓட்டம் போதுமா இருக்கா, டாப்ளர் பார்த்தீங்களா, வாஸ்குலர் டாக்டரை பார்க்கணுமா"ன்னு. கேக்கறதுல தப்பே இல்ல. டாப்ளர்னா ஒலி அலையால ரத்த ஓட்டத்தை பார்க்கற ஸ்கேன், வாஸ்குலர் டாக்டர்னா ரத்தக்குழாய் டாக்டர். கணுக்காலையும் கையையும் பிபி பார்த்து ஒப்பிடற டெஸ்ட் ஒண்ணு உண்டு, சுகர்காரங்களுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியா இருக்கறதால அது சில சமயம் நார்மல்னு, ஏன் அதிகமாவே கூட காட்டிடும், அதனால அது ஒண்ணை மட்டும் நம்பாம டாப்ளர், தேவைப்பட்டா ரத்தக்குழாயை படம் பிடிக்கற சிடி ஆஞ்சியோ எடுப்பாங்க. தோல் மேல ஒரு சென்சாரை ஒட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கற வசதி பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல உண்டு, அது 40க்கு மேல இருந்தா ஆறறதுக்கு நல்ல வாய்ப்பு, 30க்கு கீழன்னா சந்தேகம்தான். அடைப்பு இருந்தா பலூன் வெச்சு விரிக்கறது, பைபாஸ்னு வழி இருக்கு, கால் எடுத்த பிறகும் மிச்ச பாகத்தை காப்பாத்த அது பண்ணலாம்.

ஹீமோகுளோபின் ரொம்ப கம்மியா இருந்தாலும் இதே பிரச்சினை, ரத்தம் வந்தும் அதுல ஆக்சிஜன் போதாது.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்? முட்டை, பருப்பு, மீன் கொடுத்தா சீழ் பிடிக்கும்னு மாமியார் சொல்றாங்க.

இந்த கேள்விக்கு நான் எவ்வளவு நேரம் வேணாலும் பதில் சொல்வேன், ஏன்னா எங்க வார்டுல புண்ணு ஆறாம திரும்ப வர்றவங்கள்ல நிறைய பேர் தட்டை கேட்டா ரசம் சாதம், இட்லி, கஞ்சி, பிரெட், அவ்வளவுதான். பத்தியம்ங்கற பேர்ல முட்டை கிடையாது, கறி கிடையாது, கத்திரிக்காய் கிடையாது, பருப்பு கிடையாது, மீன் கிடையாது. பெரியவங்க அன்பாலதான் சொல்றாங்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனா முட்டை சாப்பிட்டதால எந்த புண்ணுலயும் சீழ் வராது. சீழ் கிருமியால வர்றது. புது சதை வளர புரோட்டீன் வேணும், அது சாப்பாட்டுல வரலைன்னா உடம்பு தன்னோட தசையை கரைச்சு எடுத்துக்கும், அதனாலதான் சில பேர் ஒரே மாசத்துல எலும்பும் தோலுமா ஆயிடறாங்க.

கணக்கு சொல்றேன். புண்ணு ஆறற காலத்துல ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.25ல இருந்து 1.5 கிராம் புரோட்டீன் வேணும், 60 கிலோ ஆளுன்னா 75ல இருந்து 90 கிராம். ஒரு முட்டைல 6 கிராம்தான் இருக்கு, ஒரு டம்ளர் பால்ல கிட்டத்தட்ட 6, ஒரு கிண்ணம் கெட்டி பருப்புல 7 கிட்ட, ஒரு கை வேர்க்கடலைல 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல்ல 10 சொச்சம், சமைச்ச மீனோ கோழியோ 100 கிராம்ல 20ல இருந்து 25. ஒரு இட்லிக்கு 2 கிராம் கூட சரியா தேறாது. இப்போ ரசம் சாதத்தை வெச்சு 75 எப்படி வரும்னு நீங்களே கூட்டி பாருங்க.

அதனால காலைல ரெண்டு முட்டை, பதினோரு மணிக்கு சுண்டல், மதியம் மீன் குழம்போ கெட்டி சாம்பாரோ கூட ஒரு கிண்ணம் தயிர், சாயங்காலம் கடலை, ராத்திரி அடை இல்ல பாசிப்பயறு தோசை, படுக்கறப்போ சர்க்கரை போடாத பால், இப்படி பிரிச்சு பிரிச்சு கொடுங்க, ஒரே வேளைல திணிக்க முடியாது. சைவக்காரங்க பன்னீர், சோயா, மொச்சை, தட்டைப்பயறு எல்லாம் சேர்த்துக்கலாம். வைட்டமின் சிக்கு நெல்லிக்காய், கொய்யா போதும், துத்தநாகம் பயறு, கடலை, கறில இருக்கு, குறைபாடு இருந்தா மட்டும் மாத்திரை.

கேழ்வரகு கூழும் கம்மங்கஞ்சியும் சுகரை ஏத்தாதுன்னு நினைச்சு சொம்பு சொம்பா குடிக்க வைக்கறாங்க, அதுவும் மாவுச்சத்துதான், ஏத்தும். பார்க்க வர்றவங்க வாங்கிட்டு வர்ற ஆப்பிள், பன்னு, சத்து மாவு டப்பா இதெல்லாம் அன்புக்கு வாங்கி வெச்சுக்கோங்க, டப்பால சர்க்கரை எவ்வளவுன்னு படிச்சு பார்த்துட்டு கொடுங்க.

கிட்னியும் கொஞ்சம் வீக்குனு சொல்லியிருக்காங்க, அப்போ புரோட்டீன்?

மேல சொன்ன கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. கிட்னி டெஸ்ட்ல பார்க்கற கிரியாட்டினின் ஏறினவங்களுக்கு அளவு வேற, டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு திரும்பவும் வேற, அவங்களுக்கு கொஞ்சம் அதிகமாவே வேணும். டயட்டீஷியன்கிட்ட ஒரு தடவை உட்கார்ந்து கிராம் கணக்குல எழுதி வாங்கிடுங்க, யாரோ சொன்னாங்கன்னு முழுசா நிறுத்தவும் வேண்டாம், அள்ளி கொடுக்கவும் வேண்டாம்.

வீட்டுல கட்டு மாத்தறது எப்படி? மஞ்சள், வேப்பிலை, தேங்காய் எண்ணெய் போடலாமா?

போடாதீங்க. மஞ்சள்தூள், குப்பைமேனி சாறு, காபித்தூள், சர்க்கரை, சாம்பல், இதெல்லாம் வெச்சு வந்த புண்ணை கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை நாள் ஆகும், உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, கிருமியும் சேர்ந்துக்கும். டெட்டால் ஊத்தி கழுவறது, நுரை வர்ற ஹைட்ரஜன் பெராக்சைடு, இதுங்க கிருமியோட சேர்த்து புதுசா வர்ற சதையையும் கருக்கிடும்.

கையை சோப்பு போட்டு நல்லா கழுவுங்க, மோதிரம் வளையல் கழட்டிடுங்க. பழைய காஜ் ஒட்டியிருந்தா வெடுக்குனு இழுக்காம நார்மல் சலைன், அதாவது ஸ்டெரைல் உப்புத் தண்ணி ஊத்தி ஊற விட்டு எடுங்க. சலைன்லயே கழுவி, தேய்க்காம ஒத்தி எடுத்து, சொன்ன மருந்து இருந்தா அதை போட்டு, ஸ்டெரைல் காஜ் வெச்சு கட்டுங்க. எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு டாக்டர் சொன்னாரோ அப்போ மட்டும் மாத்துங்க, ஆர்வத்துல தினமும் மூணு வாட்டி பிரிச்சு பார்த்தா ஆறற சதை குளிர்ந்து குளிர்ந்து தள்ளிப்போகும். முதல் சில நாள் லேசா ரோஸ் கலர்ல தண்ணி மாதிரி கசிஞ்சா பரவால்ல.

ஒவ்வொரு தடவையும் ஒரே தூரத்துல, ஒரே வெளிச்சத்துல போன்ல ஒரு போட்டோ எடுங்க. தினமும் பார்க்கற கண்ணுக்கு மாத்தம் தெரியாது, பத்து நாள் முன்னாடி எடுத்ததை பக்கத்துல வெச்சு பார்த்தா ஆறுதா இல்லையான்னு சட்டுனு தெரிஞ்சிடும், டாக்டருக்கும் அது பெரிய உதவி.

வீக்கம் இருக்கு, தலையணை வெச்சு தூக்கி வைக்கலாமா?

முட்டிக்கு அடியில தலையணை வேண்டவே வேண்டாம். சுகமாத்தான் இருக்கும், ஆனா ரெண்டு மூணு வாரத்துல முட்டி மடங்கின மேனிக்கே இறுகிடும், அப்புறம் நீட்ட வராது, செயற்கைக் கால் மாட்டறதே சிக்கலாயிடும். முட்டி மடங்கி இருந்தா படுக்கைல முனை அழுந்தி புண்ணும் கெடும். முட்டிக்கு மேல எடுத்தவங்களுக்கு தொடைக்கு அடியிலயும் வைக்காதீங்க, இடுப்பு இறுகிடும். ஆரம்ப நாள்ல உயர்த்தி வைக்க சொன்னா முட்டி நேரா இருக்கற மாதிரி முழு காலையும் சேர்த்து தூக்கி வைங்க, வீல்சேர்ல உட்கார்ந்தா அடியில ஒரு பலகை வெச்சு நீட்டி வைங்க, தொங்க போட்டா வீங்கும். முடிஞ்சவங்க ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை 20 நிமிஷம் குப்புற படுக்கறது ரொம்ப நல்லது, மூச்சு, ஹார்ட் பிரச்சினை இருந்தா கேட்டுட்டு.

கிரேப் பேண்டேஜ், அதாவது இழுத்தா நீளற துணிக்கட்டு, எட்டு போடற மாதிரி குறுக்கு குறுக்கா சுத்தணும், முனையில இறுக்கமா, மேல வர வர லூசா. வளையம் வளையமா சுத்தி மேல இறுக்கிட்டா ரத்தத்தையே கட்டி போட்ட மாதிரி ஆயிடும். நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவிழ்த்து சுத்துங்க. ரத்த ஓட்டம் கம்மியா இருக்கறவங்களுக்கு எவ்வளவு இறுக்கலாம்னு கேட்டுட்டுதான் கட்டணும். சில ஆஸ்பத்திரில கழட்டி மாட்டற மாதிரி மாவுக்கட்டு உறை ஒண்ணு செஞ்சு கொடுப்பாங்க, வீக்கத்தையும் குறைக்கும், விழுந்தா அடிபடாமலும் காக்கும், கிடைச்சா வேண்டாம்னு சொல்லாதீங்க.

ராத்திரி தூக்கத்துல எழுந்து விழுந்துட்டார், தையல் விட்டுடுச்சு. இப்படி ஆகாம எப்படி தடுக்கறது?

இது ரொம்ப நடக்குது. கால் இருக்கற மாதிரியே மூளைக்கு தோணும், பாத்ரூம் போக எழுந்து இல்லாத கால ஊனிடுவாங்க. கட்டில் பக்கத்துல யூரின் பாட்டில், ஒரு சின்ன நைட் லேம்ப், கூப்பிட ஒரு மணி, வாக்கர் கைக்கு எட்டற தூரத்துல, பாத்ரூம்ல கைப்பிடி. முடிஞ்சா முதல் மாசம் யாராவது ஒருத்தர் பக்கத்துலயே படுங்க. விழுந்துட்டா வெளிய ரத்தம் இல்லைன்னாலும் அன்னிக்கே காட்டுங்க, உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம்.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

காய்ச்சல் 100.4க்கு மேல, குளிர் நடுக்கம், கெட்ட வாடை, சீழ், சிவப்பு மேல ஏறிக்கிட்டே போறது, ஓரம் கருக்கறது, தையல் பிரிஞ்சு உள்ள சதையோ எலும்போ தெரியறது, கட்டு நனையற அளவு ரத்தம், அமுக்கினா தோலுக்கு அடியில நறநறன்னு சத்தம். இதுல எது இருந்தாலும் காலைல பார்த்துக்கலாம்னு விடாதீங்க, கடைசியா சொன்னது இருந்தா அரை மணி நேரம் கூட தாமதிக்காதீங்க.

வயசான சுகர்காரங்களுக்கு காய்ச்சலே வராம கிருமி ஏறலாம், வலியும் தெரியாது. அவங்கள்ல பல பேருக்கு முதல் அறிகுறி காரணமே இல்லாம சுகர் 300க்கு மேல போறதுதான், சாப்பாட்டுல மாத்தம் இல்ல, ஊசியும் போட்டாச்சு, ஆனாலும் ஏறுதுன்னா கட்டை பிரிச்சு பாருங்க. குழப்பமா பேசறது, வேக வேகமா மூச்சு வாங்கறது, திடீர்னு நெஞ்சு அடைக்கறது, இன்னொரு கால் கெண்டைக்கால் வீங்கி வலிக்கறது, இதுவும் அவசரம்தான்.

ஆன்டிபயாட்டிக் இன்னும் கொஞ்ச நாள் கொடுத்தா சீக்கிரம் ஆறாதா?

ஆறாது. கிருமி இருந்தாத்தான் அதுக்கு வேலை. கெட்ட பாகம் முழுசா எடுத்து சுத்தமா இருந்தா சில நாள்லயே நிறுத்திடுவாங்க. மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கி கொடுத்தா அடுத்த தடவை நிஜமா கிருமி வரப்போ மருந்து கேக்காம போயிடும்.

வாக்கம் மெஷின், ஆக்சிஜன் ரூம், ஸ்டெம் செல்னு நிறைய சொல்றாங்களே?

வாக்கம் மெஷின், அதாவது புண்ணை மூடி ஒட்டி கசிவை உறிஞ்சி எடுக்கற விஏசி, திறந்து கிடக்கற பெரிய புண்ணுக்கு நல்லது. 2005ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆராய்ச்சில பாதத்துல ஒரு பகுதி எடுத்த சுகர்காரங்க 162 பேரை பார்த்தாங்க, 16 வாரத்துல இந்த மெஷின் வெச்சவங்கள்ல 56 சதவீதம் பேருக்கு ஆறிச்சு, சாதா டிரெஸ்ஸிங்ல 39 சதவீதம். உதவுது, ஆனா எல்லாருக்கும் ஆறலைங்கறதையும் பாருங்க. செத்த சதையை வெட்டி சுத்தம் பண்ணாம, அடைப்பை சரி பண்ணாம அதை மேல மாட்டி பிரயோஜனம் இல்ல. ஆக்சிஜன் சேம்பர், அதாவது அழுத்தம் கூட்டின அறைல ஆக்சிஜன் சுவாசிக்க வைக்கறதுக்கு ஆராய்ச்சி முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல, செலவும் அதிகம். ஸ்டெம் செல்னு சொல்லி லட்சக்கணக்குல கேட்டா இன்னொரு டாக்டர்கிட்ட கேக்காம நகையை அடகு வைக்காதீங்க, அந்த பணத்துல ஒரு வருஷத்துக்கு முட்டையும் மீனும் இன்சுலினும் வாங்கலாம்.

முட்டிக்கு கீழ எடுத்தாங்க, இப்போ மேல எடுக்கணுங்கறாங்க. நாங்க சரியா பார்த்துக்கலையா?

அப்படி நினைக்காதீங்க. முட்டி இருந்தா செயற்கைக் கால்ல நடக்கறது ரொம்ப சுலபம், முட்டிக்கு மேல போயிட்டா நடக்க உடம்பு செலவழிக்கற சக்தி நிறைய ஏறிடும், அதனால ரத்த ஓட்டம் கொஞ்சம் சந்தேகமா இருந்தா கூட டாக்டருங்க முட்டியை காப்பாத்தி பார்ப்பாங்க. சில பேருக்கு அது ஆறாது. ரத்தம் வராததுக்கு வீட்டுல யாரும் பொறுப்பில்ல. ஆனா ஒத்துக்கறதுக்கு முன்னாடி ரத்த ஓட்டத்தை திறந்து விட வழி இருக்கான்னு மறுபடி ஒரு தடவை கேளுங்க.

பீடியை குறைச்சுட்டார், போதுமா?

போதாது. ஒரு பீடி கூட ரத்தக்குழாயை சுருக்கும், புகைல வர்ற கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனோட இடத்தை பிடிச்சுக்கும். வாயில அடக்கற புகையிலைலயும் நிகோடின் இருக்கு. முழுசா விடணும், முடியலைன்னா டாக்டர்கிட்ட மருந்து கேளுங்க, இதுக்கும் மருந்து உண்டு.

இல்லாத காலு வலிக்குதுங்கறார், மனசு சரியில்லையோ?

மனசு நல்லாத்தான் இருக்கு, வலி நிஜம். கால் எடுத்தவங்கள்ல பாதி பேருக்கு மேல இது வரும். அறுந்த நரம்பும் மூளைல இருக்கற அந்த கால் வரைபடமும் சேர்ந்து பண்ற வேலை. கண்ணாடி வெச்சு நல்ல காலோட பிம்பத்தை பார்த்து அசைக்கற பயிற்சி ஒண்ணு உண்டு, அதை கண்டுபிடிச்ச வி. எஸ். ராமச்சந்திரன் நம்ம சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். நரம்பு வலிக்கு மாத்திரையும் இருக்கு. வலியால தூக்கமும் சாப்பாடும் போச்சுன்னா புண்ணும் ஆறாது, அதனால பொறுத்துக்கோங்கன்னு சொல்லாம டாக்டர்கிட்ட சொல்லுங்க.

சுவரை பார்த்து படுத்துக்கறார், சாப்பாட்டை தொட மாட்டேங்கறார்.

ஒரு கால் போயிருக்கு, துக்கம் வரத்தான் செய்யும், அழ விடுங்க. "ஒண்ணும் ஆகல, தைரியமா இரு"ன்னு எல்லாரும் மாறி மாறி சொல்றதை விட பக்கத்துல உட்கார்ந்து ஒரு வாய் ஊட்டறது நல்லது. பழையபடி வீட்டு கணக்கு, பேரப்பிள்ளை பாடம்னு ஏதாவது ஒரு பொறுப்பை அவர் கையில கொடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தாலோ, வாழ்ந்து என்னன்னு பேசினாலோ மனநல டாக்டரை பாருங்க, 14416ங்கற அரசு எண்ல எந்நேரமும் இலவசமா தமிழ்லயே பேசலாம்.

இன்னொரு காலுக்கு என்ன பண்ணணும்?

இப்போ பாரம் பூரா அதுமேலதான். படுத்தே இருக்கறவங்களுக்கு குதிகால்ல படுக்கைப்புண் வரும், கெண்டைக்கால் நீளத்துக்கு மெத்துனு துணி மடிச்சு வெச்சு குதிகால் படுக்கைல படாம தூக்கி விடுங்க. தினமும் ராத்திரி உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாம் டார்ச் அடிச்சு பாருங்க, வெறுங்காலோட ஒரு அடி கூட வேண்டாம், வீட்டுக்குள்ளயும் எம்சிஆர் செருப்பு, அதாவது மெத்துனு ரப்பர் வெச்ச செருப்பு.

உணர்ச்சி இல்லாத கால் ஏன் கெடுதுன்னு நமக்கு சொல்லி கொடுத்ததுல பால் பிராண்ட் (Paul Brand)ங்கற சர்ஜனுக்கு பெரிய பங்கு உண்டு. 1914ல நம்ம கொல்லிமலைல பிறந்தவர், வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில தொழுநோயாளிங்களோட கை காலை பார்த்து பார்த்து, நோய் சதையை தின்னல, வலி தெரியாம ஒரே இடத்துல திரும்ப திரும்ப அழுத்தம் விழறதாலதான் புண்ணு வருதுன்னு காட்டினார். சுகர் கால் வைத்தியமும் அந்த வழியிலதான் வந்தது.

செயற்கைக் கால் எப்போ, எங்க?

புண்ணு முழுசா மூடி வீக்கம் வத்தின பிறகு, பொதுவா ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள தினமும் மைல்ட் சோப்புல கழுவி ஈரம் போக துடைச்சு, ராத்திரி மாய்ஸ்சரைசர் தடவி, தழும்பை மெதுவா நீவி பழக்குங்க, இதெல்லாம் தோல் மூடின பிறகுதான். சென்னை கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனைல கால் செஞ்சு தர்றாங்க, மத்த ஊர்க்காரங்க அவங்க மாவட்ட அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில விசாரிங்க. 1960கள் கடைசில ஜெய்ப்பூர்ல உருவான ஜெய்ப்பூர் கால் இலவச முகாம்கள்லயும் கிடைக்குது. மாற்றுத்திறனாளி அட்டைக்கு இப்பவே எழுதி போட்டுடுங்க. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி பண்றதும், சுகர் மாத்திரை கொடுக்கறதும் 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல இருக்கு, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுங்க.

முதல் வருஷத்துல மிச்ச கால் சுருங்கிக்கிட்டே வரும், அதனால சாக்கெட், அதாவது செயற்கைக் கால்ல மிச்ச கால் நுழையற கிண்ணம், லூசாகும். ஆரம்பத்துல தினமும் கொஞ்ச நேரம் மட்டும் மாட்டி, கழட்டினதும் தோலை பாருங்க, சிவப்பு பத்து இருபது நிமிஷத்துல மறையணும், மறையலைன்னா அன்னிக்கு திரும்ப மாட்டாதீங்க. லூசானா சாக்ஸ் ஒண்ணு கூட்டி போட்டு பாருங்க, அதுக்கும் சரி வரலைன்னா சாக்கெட்டை மாத்தி தர சொல்லுங்க, ஆடற சாக்கெட்டோட நடந்து திரும்ப புண்ணாக்கிக்க வேண்டாம்.